சட்டாம்பிள்ளை கப்பலேறியது

ஐந்தாம் வகுப்பில் ஒரு வருஷம் நான் சட்டாம்பிள்ளையாக இருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. வாத்தியார் தலைமையாசிரியர் அறைக்கோ எதிர்க்கடைக்கோ போகும்போது சாக்குக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதவேண்டும். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. குறிக்கு ஓர் அடி. இந்த ஏற்பாட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை. இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு பலகை ஞாபகத்தில் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் யாரும் பேசவில்லை. மழைக்கு முந்திய இறுக்கம். பையன்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். பலகை காலியாக இருந்தது. வராந்தாவில் வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. காலிப் பலகையை அவர் பார்த்தால் நான் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிடும் என எனக்குத் தோன்றிற்று. என்னோடு சேர்ந்து பள்ளிக்கூடம் வருகிற சிநேகிதனின் பெயரை எழுதி இரண்டு குறி போட்டேன். அவன் பெயர் எழுதச் சின்னது. அவ்வளவுதான் காரணம்.

இரண்டு அடியையும் வாங்கிக்கொண்டு, “நான் பேசலை சார்” என்று சொன்னான். அதற்கு மூன்றாவதும் விழுந்தது. பிறகு அவன் என்னோடு சேர்ந்து வரவில்லை. மறு வருஷம் அவன் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது.

மனசாட்சி, துரோகம், பாவம் என்ற சொற்களைக் கொண்டு இதைப் பல வருஷம் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கவிதையாக எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். பிரயோஜனப்படவில்லை. அந்தச் சொற்களெல்லாம் எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்கின்றன. உள்ளே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன்மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ இருக்கவில்லை. பெயர்கள் நிறைந்த பலகைக்கு வாத்தியார் தலையசைப்பார். காலிப் பலகைக்கு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் என்னிடம் இருந்த உளவியல்.

எழுபதுகளின் கடைசியில் பி.எட். படிக்கையில் பி.எஃப். ஸ்கின்னர் பாடமாக வந்தார். ‘செயல்படு ஆக்கநிலையிறுத்தம்’ என்று பாடப்புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவதே ஒரு தண்டனை. பெட்டிக்குள் எலி, நெம்புகோல், உணவு உருண்டை. இதற்குமேல் விரிவுரையாளருக்கும் ஆர்வமில்லை, எங்களுக்கும் இல்லை. பின்னால் நானாகத் தேடி, 1953இல் அவர் எழுதிய ‘அறிவியலும் மனித நடத்தையும்’ என்ற புத்தகத்தைப் படித்தேன். அதில் எலி கொஞ்சந்தான். புத்தகத்தின் பின்பகுதியில் மனித நடத்தையைக் கட்டுப்படுத்தும் ஸ்தாபனங்கள் என்று அரசு, மதம், உளச்சிகிச்சை, பொருளாதாரம், கல்வி என ஐந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதற்குப் பரிசு தருகிறது, எதைத் தண்டிக்கிறது, இதனால் யாருடைய நடத்தை எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஒரு ஸ்தாபனம் தன்னைப்பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. எதற்கு அது கூலி கொடுக்கிறது என்பதில்தான் அக்கறை. என் பலகைக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். மௌனத்துக்காக ஏற்பட்ட பலகை அது. ஆனால் என் மட்டில் அது கூலி கொடுத்தது பெயர்களுக்கு. மௌனம் கிடைத்துவிட்ட அன்றைக்கு நான் பெயரை உற்பத்தி செய்யவேண்டியதாயிற்று.

இலக்கியக்காரர்கள் ஸ்கின்னரை விரும்புவதில்லை. 1971இல் வந்த ‘சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் அப்பால்’ என்ற தலைப்பே போதுமானதாக இருந்தது. சாம்ஸ்கி அதே வருஷம் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். மொழியைப் பற்றி ஸ்கின்னர் எழுதியது தேறாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஒரு வரிக் கவிதையைக்கூட அந்த வழியில் விளக்கிவிட முடியாது. ஆனால் கவிதை எழுதுகிறவனை விளக்கலாம். எத்தனை தடவை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்துகிறது என்று அவர் கண்டார். எப்போது வெளிவரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பத்திரிகைக்கு நாம் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதன் காரணம் இதில் கொஞ்சம் இருக்கிறது. மனிதன் என்றால் என்ன என்பதற்கு நான் அவரிடம் போகமாட்டேன். ஆனால் ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரத்துக்குள் இறங்கும்போது அவருடைய கேள்வியைக் கைவிளக்காக எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் அதிகாரத்தையும் ஒழுங்கையும் பற்றிப் பேசுகிறவர்கள் பூக்கோவைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் சிறைச்சாலை வரைக்கும் போய் வருகிறார்கள். எழும்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

1787இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரி சென்னைக்கு வந்து இறங்கினார். வயது 34. அதற்கு முன் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சில வருஷம் கழித்தவர். சென்னையில் ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாக நியமனம் பெற்றுக்கொண்டார், வருமானத்தில் கெட்டிக்காரர். 1789இல் எழும்பூரில், இன்றைய ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில், ராணுவச் சிப்பாய்களின் அனாதைப் பையன்களுக்கென்று ஏற்பட்ட விடுதியின் பொறுப்பை ஏற்றார். அதற்குச் சம்பளம் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தப் பையன்களுக்குத் தகப்பன்மார் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இறந்தவர்கள் அல்லது படையோடு எங்கோ போய்விட்டவர்கள். தாய்மார் பெரும்பாலும் இந்த மண்ணின் பெண்கள். தாயின் பழக்கங்களிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்து, கம்பெனி ஆட்சிக்கு உபயோகமான பிரஜையாக வார்ப்பது விடுதியின் நோக்கம். இதை மறந்துவிடக்கூடாது.

பெல் ஒரு நாள் காலை குதிரையில் போகையில் ஒரு ‘மலபார்’ப் பள்ளியைப் பார்த்தார். அந்த நாளில் வெள்ளைக்காரர்கள் தமிழரையும் மலபார் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், எழுதுகோல் வேண்டாம், தப்பானால் உள்ளங்கையால் ஒரு தடவு. விடுதிக்குத் திரும்பி அதே மாதிரி கீழ்வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்படி உதவி ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியருக்கு இஷ்டமில்லை, ஆகாது என்று விட்டார். பெல் ஆசிரியரை ஒதுக்கிவிட்டு எட்டு வயசுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையனின் பெயர் ஜான் ஃப்ரிஸ்கன். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவரால் ஆகாததை அவன் செய்துகாட்டினான். அதன்பின் பெல் மேலே மேலே போனார். வகுப்பில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள், ஒருவன் சொல்லித்தருபவன், ஒருவன் கற்பவன். அவர்களுக்கு மேலே உதவியாளனும் ஒரு ஆசிரியனும், இருவரும் பையன்கள். சரியாகச் சொன்னவன் வரிசையில் ஓரிடம் முன்னே போவான், தவறியவன் பின்னே வருவான். நாள் முழுக்க இந்த இடமாற்றம் நடந்துகொண்டே இருக்கும். குற்றங்களைப் பதிய ஒரு கறுப்புப் புத்தகம். வாரத்துக்கு ஒரு முறை அது வாசிக்கப்படும். குற்றவாளியை விசாரிக்கப் பையன்களே ஜூரி. தண்டனைக்கு ஏறத்தாழ வேலையே இல்லாமல் போயிற்று என்று பெல் பெருமைப்பட்டுக்கொண்டார். அவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

1796இல் ஊர் திரும்பி, மறுவருஷம் லண்டனில் இந்தச் ‘சோதனை’யைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘மதறாஸ் முறை’ என்ற பெயர் நிலைத்தது. நம் சட்டாம்பிள்ளை இவ்விதம் கப்பலேறினான்.

அவன் கிளம்பிய இடம் எப்படி இருந்தது? நல்லவேளையாக ஓர் அறிக்கை இருக்கிறது. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணத்தின் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய பதில்தான் அவற்றில் சுவாரசியமானது. அவர் தம் ஜில்லாப் பள்ளிகளில் காலையில் பிள்ளைகள் வரும் காட்சியை எழுதுகிறார். முதலில் வருகிறவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருகிறவனுக்கு ஒரு சுழி, புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன் பிறகு ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும்.

ஸ்கின்னர் இதைப் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நடத்தைக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு நிமிஷ இடைவெளிகூடக் கிடையாது. சொற்பொழிவு கிடையாது. விதி முழுதும் உள்ளங்கையில் எழுதியாகிறது. ஆனால் இதில் ஒரு விஷமம் இருக்கிறது. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பதாவது ஆளுக்குக் கணக்குப்படி 28 அடி. (எத்தனாவது அடியில் வாத்தியாருக்குக் கை ஓய்ந்தது என்பது அறிக்கையில் இல்லாத விஷயம்.) முப்பது பேரும் விடியுமுன்னே எழுந்து ஓடிவந்தாலும் ஒருவன் முப்பதாவதாகத்தான் வந்தாகவேண்டும். ஏற்பாட்டுக்குக் கடைசி ஆள் தேவை. எல்லோரும் நல்லவர்களாகிவிட்ட வகுப்பை இது அறியாது. என் காலிப் பலகையின் மூதாதை இந்த உள்ளங்கைதான் என்று எனக்குப் படுகிறது.

மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லித்தரும் சிக்கனத்தையும் கேம்ப்பெல் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைக் காப்பியடித்தது நியாயந்தான் என்கிற தொனியில். தரம்பால் 1983இல் இந்த அறிக்கைகளையெல்லாம் ‘அழகிய மரம்’ என்ற தலைப்பில் அச்சுக்குக் கொண்டுவந்தார். நமக்குப் பெரிய உபகாரம். ஆனால் அந்தத் தலைப்பின் உற்சாகத்தில் என்னால் முழுக்கக் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த 1,88,650இல் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். திண்ணையில் ஏறமுடியாத சாதிகளின் பிள்ளைகளுக்கு உள்ளங்கையில் சரஸ்வதியும் இல்லை, அடியும் இல்லை. உள்ளே விடுவதா என்பதுதான் எந்த ஸ்தாபனமும் போடும் முதல் விதி. எலிக்குப் பெட்டியாவது கிடைத்தது.

இந்தக் குறையைச் சொல்லிவிட்டு வேறொன்றையும் சொல்லவேண்டும். திண்ணை வாத்தியாரின் பிரம்பு நீளம், கை குட்டை. கோதண்டம் உண்டு, கூரை விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்கவேண்டும். காலில் கட்டை உண்டு. கேட்கக் கொடூரமாக இருக்கிறது, கொடூரந்தான். ஆனால் அந்த வாத்தியார் அந்த ஊர் நெல்லில் சாப்பிட்டார். மாதக்காசும் படியும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்தன. நவராத்திரிக்குப் பிள்ளைகள் கோலாட்டக் கம்புகளோடு வீடுவீடாகப் பாடிப்போய் வசூலித்துக் கொண்டுவருவதில் அவருக்கு வேஷ்டி வந்தது. அடி மிஞ்சினால் ஒரு வீட்டுப் படி நின்றுபோகும். இரண்டு வீட்டுப் படி நின்றால் அவர் அடுத்த ஊர்த் திண்ணையைத் தேடவேண்டியதுதான். அமாவாசையும் பௌர்ணமியும் அவரைக் கேட்காமலே விடுமுறையாயின. அறுப்புக் காலத்தில் பையன் வயலுக்குப் போனால் அவர் தடுக்க முடியாது. கட்டுப்படுத்தப்படுகிறவர்கள் கட்டுப்படுத்துகிறவனைத் திரும்பக் கட்டுப்படுத்துவதற்கு ஸ்கின்னர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். எதிர்க்கட்டுப்பாடு என்று சொல்லலாம். அவருடைய சிந்தனையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். அவரோ தம் கற்பனைச் சமுதாயத்தை எழுதும்போது இதை அதிகம் கவனிக்கவில்லை.

எழும்பூருக்குத் திரும்புவோம். பெல் திண்ணையிலிருந்து மணலை எடுத்தார், சட்டாம்பிள்ளையை எடுத்தார், வரிசையை எடுத்தார். படியை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அனாதை விடுதியின் வாசலில் வந்து நின்று ‘என் பிள்ளையை ஏன் அடித்தாய்’ என்று கேட்க யாரும் இல்லை. அறுப்புக் காலம் கிடையாது. கோலாட்டம் கிடையாது. பையன் ராத்திரி போய்த் தூங்குவதும் அதே கூரையின் கீழ். தண்டனைக்கு வேலையில்லாமல் போயிற்று என்று பெல் சொன்னதை நான் நம்புவதற்கு இதுதான் காரணம். அடிக்கவேண்டிய அவசியம், அடி வாங்குகிறவனுக்கு வேறு போக்கிடம் இருக்கும்வரைதான். போக்கிடம் இல்லாத இடத்தில் வரிசையில் ஓரிடம் பின்னே போவதே போதும். ஒரு முறை உலகம் சுற்றுவதற்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்க்கத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் கிடைத்தார்கள் என்பதைச் சரித்திரத்தின் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798இல் சவுத்வார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். குவேக்கர் மதத்தவர், பிரம்பு கூடாது என்பவர். சட்டாம்பிள்ளை முறையைத் தாமாகவே கண்டுபிடித்ததாகச் சொன்னார். பெல்லின் நூலையும் படித்திருந்தார். யார் முதல் என்ற சண்டை இரண்டு பேர் ஆயுசுக்கும் நீடித்தது. ஆங்கிலத் திருச்சபை பெல்லின் பக்கம் நின்று 1811இல் ஒரு சங்கம் வைத்தது, மற்றவர்கள் லங்காஸ்டர் பக்கம். அந்தச் சண்டை எனக்கு முக்கியமில்லை. லங்காஸ்டர் கட்டிய பள்ளிதான் முக்கியம். ஒரே கூடம், ஒரே ஆசிரியர், ஆயிரம் பையன்கள் வரைக்கும் நடத்தலாம் என்றார். ஒரு புத்தகத்தைத் தாள்தாளாகப் பிரித்து அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டி, அதன் முன் அரைவட்டமாகப் பிள்ளைகளை நிறுத்தினால் ஒரு பிரதி ஒரு பள்ளிக்கே போதும். உட்கார, எழ, பலகையைக் காட்ட, திரும்ப, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. தொப்பி தொலைந்து நேரம் வீணாகாமலிருக்கப் பையன் அதைக் கயிறு போட்டு முதுகிலேயே தொங்கவிட்டுக்கொள்ளவேண்டும்.

பிரம்பில்லாத இந்தப் பள்ளியில் பரிசு உண்டு. நன்றாகச் செய்தவனுக்குச் சீட்டு. சீட்டுகளைச் சேர்த்துப் பந்து, பட்டம், மட்டை என்று வாங்கிக்கொள்ளலாம். தண்டனையும் உண்டு. கழுத்தில் மரக்கட்டை. காலில் தளை. அதிகம் படுத்தினால் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிட்டு, கீழே பையன்கள் சிரிக்கும்படி செய்வது. நம் கோதண்டம் மாதிரியே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததா, தானாக முளைத்ததா என்பதில் நான் வாதத்துக்கு வரவில்லை. கோதண்டத்தில் கை வலிக்கும். கூடையில் எதுவும் வலிக்காது. அவமானத்தை வலியிலிருந்து பிரித்தெடுத்துத் தனிச்சரக்காக உபயோகிக்கலாம் என்பது லங்காஸ்டரின் கண்டுபிடிப்பு. கோல்ரிட்ஜ் 1808இல் தம் சொற்பொழிவொன்றில் இந்தத் தண்டனைகளைக் கடுமையாகத் தாக்கினார். கவிஞன் ஒருவனுக்கு முதலில் உறைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அதே கோல்ரிட்ஜ் பெல்லின் ஆதரவாளர் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளவேண்டும். லங்காஸ்டரின் கதை சோகமாக முடிந்தது. கடன். பயிற்சிப் பையன்களை அந்தரங்கத்தில் தாமே அடித்தார் என்ற குற்றச்சாட்டு. 1814இல் தம் பெயரால் ஏற்பட்ட சங்கத்தை விட்டு வெளியேறினார். அமெரிக்கா போய், கராகஸ் போய், 1838இல் நியூயார்க் தெருவில் வண்டியில் அடிபட்டு இறந்தார். அவரைப் பிரம்புக்குத் திரும்ப வைத்தது எது என்று எந்த நடத்தையியல்காரரும் சொல்லிவிட முடியாது. இங்கே என் கைவிளக்கு அணைந்துபோகிறது.

முறை மட்டும் சாகவில்லை. ராபர்ட் ஓவன் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை 1800இலிருந்து நடத்தினார். சோஷலிசத்தின் முன்னோடி என்று நம்மால் மரியாதையாகக் குறிப்பிடப்படுகிறவர். லங்காஸ்டருக்கு ஆயிரம் பவுன் நன்கொடை கொடுத்தார். பெல்லுக்கும் கொடுக்க முன்வந்தார். அவர் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு பட்டையுள்ள சின்ன மரக்கட்டை ஒன்று தொங்கும். பட்டைக்கு ஒரு நிறம். நேற்றைய நடத்தை மோசமென்றால் கறுப்பு முன்னே திரும்பியிருக்கும். சுமார் என்றால் நீலம். நல்லது என்றால் மஞ்சள். மிக நல்லது என்றால் வெள்ளை. அதற்குப் பெயரே ‘மௌன மானிட்டர்’. ஓவன் யாரையும் திட்டமாட்டார். நடந்துகொண்டே கட்டையைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார். கறுப்பு வரவரக் குறைந்து வெள்ளை கூடிற்று என்று எழுதியிருக்கிறார். பல்லாரிப் பையனின் உள்ளங்கை இங்கே மரக்கட்டையாகிவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு, நியாயமாகச் சொல்லவேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் வெள்ளை கிடைக்க இதில் தடையில்லை. நிறம் தப்பென்று நினைத்த தொழிலாளி ஓவனிடமே போய் முறையிடலாம் என்றும் வைத்திருந்தார். எத்தனை பேர் போயிருப்பார்கள்?

இங்கிலாந்தில் சட்டாம்பிள்ளை முறை 1840களில் மங்கிவிட்டது. சம்பளம் பெறும் பயிற்சி மாணவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஆனால் கட்டுப்பாடு ஒரு படி மேலே ஏறிற்று. 1862இல் ராபர்ட் லோ என்ற மந்திரி கொண்டுவந்த விதிகளின்படி பள்ளிக்கு மானியம் தேர்வு முடிவைப் பொறுத்தது. ஒரு பிள்ளைக்கு உச்சமாக 12 ஷில்லிங். அதில் 4 வருகைக்கு, 8 இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதித்துத் தேறினால். தேறாத ஒவ்வொன்றுக்கும் வெட்டு. பிள்ளையைப் பெட்டியில் வைத்தவன் இப்போது தானும் பெட்டிக்குள் வந்தான். விளைவு உடனே தெரிந்தது. வாசிக்கத் தெரியாமலே பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒப்பிப்பார்கள். மேத்யூ ஆர்னால்டை நாம் விமர்சகராகவும் கவிஞராகவும்தான் படித்திருக்கிறோம். அவர் 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக உழைத்தவர். இந்த முறை பள்ளியின் உயிரை எடுத்துவிட்டது என்று விடாமல் எழுதினார். அரசாங்கம் கேட்க முப்பது வருஷமாயிற்று.

அதே 1860களில் இந்த மானிய முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து திண்ணைப் பள்ளிகளைத் தொட்டது. சட்டாம்பிள்ளை எழுபது வருஷம் கழித்து ஊர் திரும்பினான் என்று சொல்லலாம், இந்தத் தடவை கோட்டு போட்டு, இன்ஸ்பெக்டராக. திண்ணை வாத்தியார் இப்போது வீட்டுப் படியைப் பார்க்கவேண்டியதைவிட மானியத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. அவருக்கு எண்சுவடி ஒரு நடைமுறை வித்தை. நிலத்தை அளக்க, நெல்லைப் பங்கு போட, வட்டி சொல்ல. மனப்பாடம் என்பது அங்கே வாய்க்குப் பழக்கமான கணக்கு. சர்க்கார் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்வது வேறு காரியம். அது இன்ஸ்பெக்டர் ஒருவருக்காக மட்டும். இரண்டையும் நாம் உருப்போடுதல் என்ற ஒரே வசவால் திட்டுகிறோம். ஊருக்கு வாத்தியார்மேல் இருந்த பிடி இப்படித்தான் நழுவிற்று. ஒருவரும் ஆணை பிறப்பித்து அதைப் பறிக்கவில்லை. கூலி வருகிற திசை மாறிற்று. முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் மறுநாள் வரை காத்திருப்பதைக் கண்டு கலங்கிப்போய், உடனுக்குடன் விடை காட்டும் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். நல்ல மனசுதான். அறுபதுகளில் இல்லினாய்ஸ் மனநோய் மருத்துவமனை ஒன்றில் அவர் வழிவந்த அய்லானும் அஸ்ரினும் வேலை செய்த நோயாளிகளுக்கு வில்லைகள் கொடுத்து, வில்லைக்குத் தனியறை, வெளியே உலாவ அனுமதி என்று விற்றார்கள். லங்காஸ்டரின் சீட்டுகளேதான். இங்கேயும் கவனித்தால் சோதனை நடந்த இடம், வாசலில் வந்து கேட்க ஆளில்லாதவர்கள் இருந்த இடம். இன்று என் பேத்தியின் கைபேசியில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு செயலி, விடாமல் படித்த நாட்களைத் தீப்பந்த எண்ணாகக் காட்டுகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் எண் சுழிக்கு வந்துவிடும் என்று ஜுரத்தோடு உட்கார்ந்து படிக்கிறாள். அவளிடம் கேட்டால் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறாள், உண்மைதான். எழும்பூரிலும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பெல் 1832இல் இறந்தார். பெருஞ்சொத்தைக் கல்விக்கு எழுதிவைத்தார். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அந்தப் பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மதறாஸ் காலேஜ் என்ற பெயரில்தான் இருக்கிறது. நாம் நம் ஊரின் பெயரை மாற்றிவிட்டோம்.

முப்பது வருஷத்துக்கும் மேல் நான் வாத்தியாராக இருந்தேன். சட்டாம்பிள்ளை இல்லாமல் ஒரு நாளும் வகுப்பு நடத்தவில்லை. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியவும் முடியாது. பெல்லைப் பற்றிப் படித்தபிறகு, ஓய்வுபெறுவதற்கு முந்திய வருஷம், ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் லீடரே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் இரைச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் கொஞ்சம் அடங்கிற்று. நாலாம் நாள் ஏதோ பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போய்விட்டுத் திரும்பினேன். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது. எனக்கே ஆச்சரியம். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து வந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

“யாரும்மா எழுதச் சொன்னது?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலை சார்.”

திங்கட்கிழமையிலிருந்து நாள்வாரியாகப் பெயர்கள். ஒழுங்கான கையெழுத்து, கோடு போட்டிருந்தது. கடைசிப் பெயர் ‘சார்’. நேரே, ‘10 நிமிஷம் லேட்’ என்று எழுதி, மற்றவர்களுக்குப் போட்டிருந்தது போலவே ஒரு பெருக்கல் குறி.